நான்கு மணி நேரத்தின் நியாயம்

சிறுநீரகம் செயலிழந்தவரை உயிரோடு வைத்திருப்பது எந்திரம். அந்த எந்திரத்துக்கும் மனிதருக்கும் நடுவே நிற்பவர் நர்ஸ். திருவனந்தபுரம் டயாலிசிஸ் வார்டுகளில் அவர் தினமும் எதிர்கொள்ளும் கேள்விகள் பலவற்றுக்குப் பாடப்புத்தகத்தில் விடை இல்லை.

ஓணம் கழிந்த மறுநாள் காலை. திருவனந்தபுரத்தில் எந்த டயாலிசிஸ் வார்டானாலும் சரி, முதல் விசாரணை எடை பார்க்கும் எந்திரத்தின் மேல்தான் நடக்கும். நோயாளி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்கிறார். எடையைப் பார்ப்பதற்கு முன் நர்ஸின் முகத்தைப் பார்க்கிறார். சாம்பார், ரசம், மோர், இரண்டு வகைப் பாயசம், போதாக்குறைக்குப் பதிமுகம் போட்ட வெந்நீர். சிறுநீர் பிரியாத உடம்பில் இவ்வளவும் அப்படியே தங்கியிருக்கிறது. கால் வீங்கியிருக்கிறது. நாலு படி ஏறியதற்கே மூச்சு வாங்குகிறது.

நர்ஸ் மனக்கணக்குப் போடுகிறார். டயாலிசிஸ் முடிந்ததும் நோயாளிக்கு இருக்க வேண்டிய எடைக்கு 'டிரை வெயிட்' என்று பெயர். ஒரு பெண்மணிக்கு அது 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவர் 54 கிலோவில் வந்து நிற்கிறார். ஆக, 4 லிட்டர் நீரை எடுத்தாக வேண்டும். ஆனால் உடம்பு அதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 13 மில்லி லிட்டருக்கு மேல் எடுத்தால் இதயம் தாங்குவது கடினம் என்பது சிறுநீரகத் துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதன்படி இவருக்கு மணிக்கு 650 மில்லி. நான்கு மணி நேரத்தில் 2.6 லிட்டர். மீதி 1.4 லிட்டரை என்ன செய்வது?

மூன்று வழிகள் உண்டு. எந்திரத்தை வேகமாக ஓட்டலாம். ரத்த அழுத்தம் சட்டென்று விழும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நோயாளி அலறுவார், சில சமயம் இதயம் நின்றும் போகும். மிச்ச நீரோடு வீட்டுக்கு அனுப்பலாம். ராத்திரி படுக்கும்போது மூச்சு முட்டும். அல்லது இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்டலாம். மருத்துவரீதியாக இதுதான் சரி. ஆனால் பாறசாலையிலிருந்து காலை பஸ் பிடித்து வந்த அடுத்த ஷிஃப்ட் நோயாளி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இவருக்குக் கொடுக்கும் இரண்டு மணி நேரம் அவருடைய நான்கு மணி நேரத்திலிருந்து போகும்.

எவ்வளவு நீர் எடுப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போடுபவர் டாக்டர். ஆனால் நோயாளியோடு நான்கு மணி நேரமும் இருப்பவர் நர்ஸ்தான். சில மையங்களில் டயாலிசிஸ் டெக்னீஷியனும் கூட இருப்பார். பக்கத்து நாற்காலியில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் 80-க்கு இறங்குகிறது, எதிர் நாற்காலியின் எந்திரம் அலறுகிறது, பெஞ்சில் இருப்பவர் மூன்றாவது முறையாகக் கதவைத் தள்ளி எட்டிப்பார்க்கிறார். இந்த நேரத்தில் யாருக்கு எத்தனை நிமிடம் என்று முடிவு செய்வது நடைமுறையில் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வாழவேண்டியவர் யார் என்று ஒரு குழு கூடி முடிவு செய்த காலமும் இருந்தது. செயற்கைச் சிறுநீரகத்தை 1943-ல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் உருவாக்கினார். என்றாலும் ஒவ்வொரு முறையும் புதிதாக ரத்தக்குழாயைக் கீற வேண்டியிருந்ததால், நிரந்தரமாகச் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதனால் பயன் இல்லை. 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் டெஃப்லான் குழாய் ஒன்றைக் கையிலேயே பொருத்தி அந்தச் சிக்கலைத் தீர்த்தார். அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். உயிர் பிழைக்க வழி உண்டு என்று தெரிந்ததும் கூட்டம் கூடியது. எந்திரங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. சியாட்டில் மையம் ஊர்ப் பெரியவர்களைக் கொண்டு ஏழு பேர் குழு ஒன்றை அமைத்தது. ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கிக்காரர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர். வயது என்ன, பிள்ளைகள் எத்தனை, வருமானம் எவ்வளவு, சர்ச்சுக்குப் போகிறவரா என்பது வரை அலசி ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். 1962 நவம்பரில் 'லைஃப்' பத்திரிகையில் ஷானா அலெக்ஸாண்டர் இதை அம்பலப்படுத்தியபோது அமெரிக்கா அதிர்ந்தது. பத்து வருடங்கள் கழித்து, 1972-ல், சிறுநீரக நோயாளிகளின் டயாலிசிஸ் செலவை அரசே ஏற்கும் சட்டம் வந்தது. மருத்துவ அறவியல் என்ற துறை தனியாகக் கிளைத்ததற்கு இந்தக் குழுவும் ஒரு காரணம் என்பார்கள். அந்த ஏழு பேரில் நர்ஸ் யாரும் இல்லை என்பது அன்று யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

இந்தியாவில் அப்படி ஒரு குழுவுக்கு அவசியமே ஏற்படவில்லை. அந்த வேலையைப் பணம் செய்துவிட்டது. 2016 பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் அருண் ஜேட்லி சொன்ன கணக்கு இது: ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கிறது. அவர்களுக்காகக் கூடுதலாக 3.4 கோடி டயாலிசிஸ் தேவைப்படுகிறது. நாட்டில் இருப்பவை ஏறத்தாழ 4,950 மையங்கள், பெரும்பாலும் தனியார் வசம், பெரிய ஊர்களில். தேவையில் பாதிதான் நிறைவேறுகிறது. ஒரு தடவைக்கு ரூ.2,000, வருடத்துக்கு ரூ.3 லட்சத்துக்கு மேல். மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் வசதி தரும் தேசியத் திட்டம் அந்த உரையில்தான் அறிவிக்கப்பட்டது.

கேரளம் கொஞ்சம் முன்னதாகவே விழித்துக்கொண்டது. 2011-ல் தொடங்கிய காருண்யா லாட்டரியின் வருமானம் புற்றுநோய், இதய நோய், சிறுநீரக நோய் சிகிச்சைக்குத் திருப்பிவிடப்பட்டது. (சீட்டு வாங்குபவரின் பேராசை எங்கோ ஒருவரின் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. லாட்டரியை ஒழித்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம்.) பிறகு வந்த காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருடம் ரூ.5 லட்சம் வரை சிகிச்சை. ஏழை டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மாதம் ரூ.1,100 தரும் 'சமாஸ்வாசம்' வேறு. தாலுகா ஆஸ்பத்திரிகள் வரை எந்திரங்கள் வந்துவிட்டன.

இவ்வளவுக்குப் பிறகும் கணக்கு நேராகவில்லை. கேரளத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் குடும்பங்களின் பொருளாதார நிலை குறித்து 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. அரசு உதவி இருந்தும் பெரும்பாலான குடும்பங்கள் தாங்க முடியாத செலவிலும் கடனிலும் விழுந்திருப்பதை அது காட்டியது. ஊசி, மருந்து, பஸ், ஆட்டோ, கூட வருபவரின் ஒரு நாள் கூலி என்று டயாலிசிஸ் கட்டணத்துக்கு வெளியேதான் பாதிச் செலவு இருக்கிறது. வாரம் மூன்று முறை செய்ய வேண்டியது இரண்டாகச் சுருங்குகிறது. மழைக்காலத்தில், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், அது ஒன்றாகவும் ஆகிறது.

நர்ஸுக்கு இது முதலில் தெரியும். எந்த நோயாளி நகையை அடகு வைத்தார், எந்த வீட்டில் மகளின் கல்யாணம் தள்ளிப்போகிறது, யார் எரித்ரோபாய்டின் ஊசியை வாங்காமலேயே போட்டுக்கொண்டதாகச் சொல்கிறார் என்பதெல்லாம் நான்கு மணி நேரப் பேச்சில் வந்துவிடும். வாரம் மூன்று நாள், தடவைக்கு இரண்டு ஊசி என்றால் வருடத்துக்கு 312 முறை ஒருவர் கையில் ஊசி குத்த வேண்டும். மெல்லிய ஊசியல்ல, ரத்தம் நிமிடத்துக்கு 250, 300 மில்லி ஓட வேண்டிய தடித்த ஊசி. 312 முறை குத்துபவருக்கும் குத்தப்படுபவருக்கும் நடுவே ஏற்படும் உறவுக்கு நர்ஸிங் பாடத்தில் பெயர் இல்லை. 'மோளே' என்று கூப்பிடுவார் நெய்யாற்றின்கரைப் பெரியவர். களியக்காவிளை தாண்டி வருபவர் 'மக்களே' என்பார். இப்படிக் கூப்பிடுபவர் ஒரு நாள் பஸ்ஸுக்குப் பணம் இல்லை என்று வராமல் போனால் என்ன செய்வது? சொந்தக் கையிலிருந்து கொடுக்கலாம், பல நர்ஸுகள் கொடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் ஒருவருக்குக் கொடுத்தால் பக்கத்து நாற்காலிக்காரருக்கு? விலகி நில் என்கிறது பயிற்சி. விலகி நின்றால் இந்த வேலை ஓடாது.

எல்லை தாண்டி வருபவர்களின் நிலை இன்னும் சிக்கல். 1956 வரை கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தது. மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்து மக்களுக்கு இன்றும் பெரிய வைத்தியம் என்றால் திருவனந்தபுரம்தான். உள்ளூர் வட்டாரத்தில் மெடிக்கல் காலேஜைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழ் கேட்காத நாள் கிடையாது. ஆனால் கேரள அரசின் உதவித் தொகை கேரளவாசிக்குத்தான். ஒரே எந்திரம், ஒரே நோய், ஒரே நர்ஸ்; பில் மட்டும் வேறு. 2020 ஊரடங்கில் பாஸ் இல்லாமல் மாநில எல்லையைக் கடக்க முடியாது என்றானபோது, டயாலிசிஸ் நோயாளிகளுக்கு எல்லை என்பது உயிர்ப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது.

பணத்தை விடுங்கள். நோயாளியே போதும் என்றால்? 'இன்னைக்கு மூணு மணி நேரம் போதும் சிஸ்டரே, கழட்டிவிடுங்க' என்ற கோரிக்கை எந்த வார்டுக்கும் புதிதல்ல. கால் இழுக்கிறது, பஸ் போய்விடும், பேத்திக்குப் பிறந்தநாள், காரணம் எதுவாகவும் இருக்கலாம். தன் உடம்பின் மீது தீர்மானிக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. ஆனால் ஒரு மணி நேரம் குறைத்தால் பொட்டாசியம் முழுதாக இறங்காது. பொட்டாசியம் ஏறினால் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் இதயம் நிற்கும். கேரளத்திலும் நாஞ்சில் நாட்டிலும் வீட்டுக்கொல்லையில் கிடைப்பதெல்லாம் பொட்டாசியம்தான்: இளநீர், நேந்திரம்பழம், பலாப்பழம். நோயாளியைத் திட்டலாமா? திட்டாவிட்டால் கேட்பதில்லை. திட்டினால் அடுத்த முறை பொய் சொல்கிறார். பயமுறுத்தி வழிக்குக் கொண்டுவருவது அக்கறையா அதிகாரமா என்ற கேள்வியை நர்ஸிங் மாணவிகள் பரீட்சையில் எழுதுகிறார்கள். வார்டில் அது தினமும் ஏழெட்டு முறை வருகிறது, கட்டுரை எழுத நேரம் தராமல்.

சில விஷயங்களை நோயாளியிடமிருந்தே மறைக்க வேண்டியிருக்கிறது, சிலவற்றைப் பக்கத்து நாற்காலிக்காரரிடமிருந்து. ஹெபடைட்டிஸ் 'பி' உள்ளவருக்குத் தனி எந்திரம், முடிந்தால் தனி அறை என்பது விதி. 'சி' வகைக்கும் பல இடங்களில் தனி எந்திரம் ஒதுக்குகிறார்கள். ஒருவரைத் திடீரென்று மூலை எந்திரத்துக்கு மாற்றினால் வார்டு முழுக்கப் புரிந்துவிடும். ரகசியம் காக்க வேண்டும் என்கிறது நெறிமுறை. எச்.ஐ.வி. விஷயத்தில் 2017-ல் நிறைவேறிய சட்டமே அதை வற்புறுத்துகிறது. ஆனால் 'அவருக்கு என்ன சிஸ்டர்?' என்று கேட்பவர் வம்புக்காக மட்டும் கேட்பதில்லை. போன மாதம் அவர் உட்கார்ந்த அதே நாற்காலியில் இவரும் உட்கார்ந்திருந்தார்.

டயலைசர் விவகாரமும் இப்படித்தான். ரத்தத்தை வடிகட்டும் இந்த உருளையை ஒரே நோயாளிக்குக் கழுவித் திரும்பப் பயன்படுத்துவது செலவைக் குறைக்க இந்தியாவில் பரவலாக உள்ள வழக்கம். ஒழுங்காகச் செய்தால் பெரிய ஆபத்தில்லை. உள்ளே இருக்கும் நுண்குழாய்களின் கொள்ளளவு ஆரம்பத்தில் இருந்ததில் 80 சதவிகிதத்துக்குக் கீழே போனால் தூக்கி எறிய வேண்டும். எறிந்தால் புதிது வாங்க வேண்டும். 79 காட்டும்போது நோயாளியின் மனைவி இன்னும் ஒரே ஒரு முறை என்று கெஞ்சுகிறார்.

இதைவிடக் கனமான கேள்வி கேரளத்துக்கே உரியது. வார்டில் அப்பா இருக்கிறார். வயது எழுபத்தைந்து. சர்க்கரை நோய் கண்ணையும் ஒரு காலையும் வாங்கிவிட்டது. மகன் துபாயில், மகள் மான்செஸ்டரில். மகளும் ஒருவேளை அங்கே நர்ஸாகவே இருக்கலாம். போனில் வரும் உத்தரவு தெளிவாக இருக்கிறது: எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, செய்யுங்கள், அப்பாவிடம் எதையும் சொல்லாதீர்கள். அப்பாவோ இரண்டாவது மணி நேரத்தில், எந்திரத்தின் ஓசைக்கு நடுவே, தாழ்ந்த குரலில் நர்ஸிடம் கேட்கிறார்: 'இது இன்னும் எத்தனை நாளைக்கு மோளே?'

டாக்டரிடம் கேட்காத கேள்வி அது. மகனிடமும் கேட்கமாட்டார். உண்மையைச் சொன்னால் குடும்பத்தின் நம்பிக்கையை மீறியதாகும், டாக்டர் சொல்ல வேண்டியதை நர்ஸ் சொன்னாள் என்ற புகாரும் வரும். 'சரியாகிவிடும் அப்பச்சா' என்றால் கேட்டவரை ஏமாற்றியதாகும். பெரும்பாலும் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த எந்திரத்தின் அலாரத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அலாரம் சில சமயம் உதவியாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெரியவர் இன்னும் ஒரு படி மேலே போய், வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்றால்? டயாலிசிஸை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு மிஞ்சியிருப்பது சில நாட்கள், சிலருக்கு ஓரிரு வாரங்கள். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையின் பகுதியே என்றது. விவரம் புரிந்த, சுயநினைவுள்ள நோயாளி சிகிச்சையை மறுக்கலாம். நினைவு தப்பிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம். அதற்கான நடைமுறை மாஜிஸ்திரேட் வரை போக வேண்டியதாக இருந்தது. 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதை எளிதாக்கி, நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும் என்றது. நினைவிழந்த நோயாளியின் சிகிச்சையை நிறுத்த டாக்டர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் ஒப்ப வேண்டும். நர்ஸுக்கு இந்தக் குழுக்களிலும் இடமில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் கருணைச் சாவு பற்றிய சட்டத்தின் ஆரம்பமே நர்ஸுகளின் கதைதான். மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் நர்ஸ் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் அங்கேயே ஒரு துப்புரவுத் தொழிலாளியால் தாக்கப்பட்டு மூளை சிதைந்து கிடந்தார். அவரை விடுவிக்கும்படி எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில் 2011 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. குறிப்பிட்ட நிலைகளில் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற கதவைத் திறந்த நீதிமன்றம், அருணாவுக்கு மட்டும் அதை அனுமதிக்கவில்லை. காரணம், அவரைப் பராமரித்த கே.இ.எம். ஊழியர்கள் வேண்டாம் என்றார்கள். அவருக்காகப் பேசும் தகுதி அவர்களுக்கே உண்டு என்றது தீர்ப்பு. 2015 மே 18-ல் நிமோனியாவில் இறக்கும் வரை, 42 ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக நர்ஸுகள் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் செய்தது சரியா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் படுக்கையருகே நிற்பவரின் வார்த்தைக்கு எடை உண்டு என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு முறையேனும் ஒப்புக்கொண்டது.

சட்டம் இப்படி இருக்க, ஆஸ்பத்திரிகளில் புழங்குவது வேறொரு காகிதம். 'டாக்டரின் ஆலோசனைக்கு மாறாக, சொந்தப் பொறுப்பில் போகிறோம்' என்ற ஒரு வரி, கீழே ஒரு கையெழுத்து. முதுமையின் சோர்வில் போதும் என்றவரும், பணமில்லாமல் போதும் என்றவரும் ஒரே காகிதத்தில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். பேனாவை நீட்டும் நர்ஸுக்கு மட்டும் எது எதென்று தெரியும். முதலாமவரை விட்டுவிடுவது மரியாதை. இரண்டாமவரை விட்டுவிடுவதை என்னவென்று சொல்வது?

இந்த இடத்தில் திருவனந்தபுரத்துக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, வேறு பல நகரங்களுக்கு இல்லாதது. மலையாளத்தில் 'சாந்த்வன பரிசரணம்' எனப்படும் வலி தணிப்புச் சிகிச்சைக்கு 2008-லேயே கொள்கை வகுத்த முதல் மாநிலம் கேரளம். பஞ்சாயத்துகளின் பொறுப்பில் நர்ஸுகள் வீடு தேடிப் போகிறார்கள். டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-ல் தொடங்கிய பாலியம் இந்தியா இந்த நகரத்தில்தான் இயங்குகிறது. நிறுத்திய பிறகும் செய்ய நிறைய உண்டு என்பது இவர்கள் நடைமுறையில் காட்டிய விஷயம்: மூச்சுத் திணறலை, அரிப்பை, குமட்டலை, பயத்தைத் தணிக்கலாம். அதிலும் நுணுக்கம் வேண்டும். புற்றுநோயாளிக்குக் கொடுப்பது போல மார்ஃபினை இங்கே தாராளமாகக் கொடுக்க முடியாது. அதன் சிதைபொருட்கள் சிறுநீரகம் வழியே வெளியேறுபவை, இவர்களுக்கோ சிறுநீரகம்தான் இல்லை. ஃபென்டனில் போன்றவை மேல். ஆனால் டயாலிசிஸ் வார்டுக்கும் சாந்த்வன வண்டிக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பெரும்பாலான நோயாளிகள் கடப்பதில்லை. புற்றுநோய் என்றால் அங்கே, சிறுநீரகம் என்றால் இங்கே என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. நர்ஸ் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லலாமா என்றுதான் தெரியவில்லை, 'கைவிட்டுவிட்டார்களா?' என்று குடும்பம் கேட்கும்.

எல்லாவற்றுக்கும் மாற்று சிறுநீரகம்தானே தீர்வு? தீர்வுதான், யாரோ ஒருவர் கொடுத்தால். கேரளத்தில் கொடுத்தவர்கள் உண்டு. முன்பின் தெரியாத எலக்ட்ரீஷியனுக்கு 2009-ல் சிறுநீரகம் கொடுத்த பாதிரியார் டேவிஸ் சிரம்மல், லாரி டிரைவருக்கு 2011-ல் கொடுத்த தொழிலதிபர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி ஆகியோரை மலையாளிகள் நன்றாக அறிவார்கள். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிர 2012-ல் 'மிருதசஞ்சீவனி' திட்டம் வந்தது. ஆனால் வீட்டுக்குள் நடப்பது வேறு. 2019 முதல் 2023 வரை நாட்டில் உயிரோடிருந்து உறுப்பு கொடுத்தவர்களில் ஏறத்தாழ 64 சதவிகிதம் பெண்கள் என்கிறது தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் கணக்கு. மனைவி கொடுக்க ஒப்புக்கொண்டார் என்று காகிதம் சொல்கிறது. 1994 சட்டப்படி விசாரணையும் நடக்கிறது. அந்த விசாரணை அறையில் சொல்லாததை, கணவரின் நாற்காலி அருகே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது அந்த மனைவி நர்ஸிடம் சொல்லிவிடுகிறார். கேட்டதைக் கேட்காதது போல இருப்பதா? எழுதி வைப்பதா? டாக்டர் காதில் போடுவதா? போட்டால் அந்தப் பெண் வீட்டுக்குப் போய் என்ன பதில் சொல்வாள்?

வாய் திறப்பதற்கு விலை உண்டு என்பதை இந்த நகரம் பார்த்திருக்கிறது. 2022 ஜூனில் ஆலுவாவிலிருந்து ஒரு சிறுநீரகம் போலீஸ் வழிவிட, ஆம்புலன்ஸில் மூன்று மணி நேரத்துக்குள் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வந்துசேர்ந்தது. அறுவை சிகிச்சை சில மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. மறுநாள் நோயாளி இறந்தார். முன்னதாக அவருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது என்று விளக்கம் சொல்லப்பட்டது. இரண்டு துறைத் தலைவர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள், டாக்டர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2025 ஜூனில் அதே கல்லூரியின் சிறுநீர்ப்பாதை அறுவைத் துறைத் தலைவர் ஹாரிஸ் சிறக்கல், கருவிகள் இல்லாமல் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போவதை ஃபேஸ்புக்கில் எழுதினார். அரசு குழு அமைத்தது, மாநிலமே விவாதித்தது. ஒரு துறைத் தலைவர் எழுதியதால் இவ்வளவும் நடந்தது. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும், ஆண்டுக்கொரு முறை நீட்டிப்புக்குக் காத்திருக்கும் நர்ஸ், தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியின் ஃபில்டர் மாற்றவில்லை என்று எழுதினால் என்ன ஆகும்?

செய்ய வேண்டியது எது என்று தெரிந்தும் நிறுவனம் செய்யவிடாதபோது ஏற்படும் மனவேதனைக்கு அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-ல் ஒரு பெயர் வைத்தார். தார்மீக வேதனை என்று அதைத் தமிழில் சொல்லலாம். நர்ஸுகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில்தான் அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். கேரள நர்ஸுகள் தங்கள் வேதனையின் இன்னொரு பாதியை ஏற்கனவே தெருவில் இறங்கிச் சொல்லியிருக்கிறார்கள். 2011-12-ல் தனியார் மருத்துவமனைகளில் வேலைநிறுத்தம், 2017-ல் மீண்டும் போராட்டம், 2018 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் ரூ.20,000 என்ற அரசாணை. டயாலிசிஸ் நர்ஸுக்கு அந்த வேலைநிறுத்தமே ஒரு தர்மசங்கடம்தான். மற்ற வார்டில் ஒரு நாள் வேலையை நிறுத்தலாம். இங்கே நோயாளியின் ரத்தத்துக்கு ஒரு நாள் காத்திருக்கத் தெரியாது.

ஆலோசனைகள் பல சொல்லப்படுகின்றன. வார்டில் மாதம் ஒரு முறை டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர் மூவரும் உட்கார்ந்து சிக்கலான நோயாளிகளைப் பற்றிப் பேசுவது. டயாலிசிஸ் தொடங்கும் முன்பே, எப்போது நிறுத்துவது என்பதையும் குடும்பத்தோடு பேசிவிடுவது. இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. தேவை நேரம், அதற்குத்தான் வார்டில் பஞ்சம்.

ஒரு நாற்காலி காலியாவது இரண்டு விதமாகத்தான். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தவர் இனிப்புப் பொட்டலத்தோடு வந்து சொல்லிவிட்டுப் போவார். மற்றவர் வராமல் இருப்பார். செவ்வாய், வியாழன், சனி, மதிய ஷிஃப்ட், ஜன்னலோர நாற்காலி. முதல் நாள் யாரும் கேட்பதில்லை. இரண்டாம் முறையும் காலியாக இருந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்கிறார், 'அவரைக் காணோமே?' வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்துவிட்டது என்பது வழக்கமான பதில். அவர் ஜன்னலைப் பார்த்தபடி தலையாட்டுகிறார்.

மேஜை இழுப்பறையில் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. மேலேயிருந்து முதல் பெயருக்கு நர்ஸ் போன் செய்கிறார். மறுமுனையில் சந்தோஷத்தில் குரல் தடுமாறுகிறது. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்துவிட வேண்டும், அடையாள அட்டையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் வேண்டும், வரும்போது தண்ணீர் குறைவாகக் குடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு போனை வைக்கிறார்.